வாசகர் கேள்வி – பதில்: சிறுபான்மைக் கட்சிகளும் இலங்கையின் தேர்தல் கணக்கும்

இலங்கையின் தமிழ், முஸ்லிம், மலையகக் கட்சிகள் தேசியத் தேர்தல்களில் வகிக்கும் பங்கு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதிலளிக்கப்படுகிறது. ஒரே பொருளில் வந்தவை ஒன்றாக்கப்பட்டுள்ளன.

கேள்வி: "இலங்கையில் ஆட்சியைத் தீர்மானிப்பவை சிறுபான்மைக் கட்சிகளே" என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினரே உள்ள சமூகங்களின் கட்சிகளுக்கு அது எப்படி இயலும்?
(வாசகர், திருச்சிராப்பள்ளி)

இயன்றிருக்கிறது, ஆனால் எப்போதும் அல்ல. சிங்கள வாக்காளர்கள் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கும் இடையே ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்து நின்ற காலங்களில் மட்டுமே இது நடந்தது. அதற்கு மிகத் தெளிவான சான்று 1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தல். 225 ஆசனங்கள் கொண்ட பாராளுமன்றத்தில் சந்திரிகா குமாரதுங்க தலைமையிலான பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்களும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94 ஆசனங்களும் கிடைத்தன. ஆட்சியமைக்கத் தேவை 113. எம்.எச்.எம். அஷ்ரப்பின் முஸ்லிம் காங்கிரஸ் கொண்டுவந்த 7 ஆசனங்களைச் சேர்த்தபோது எண்ணிக்கை 112 ஆனது. நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்டு வென்ற பெ. சந்திரசேகரனின் ஆதரவு கிடைத்த பிறகே அது 113ஐத் தொட்டது. வெளியிலிருந்து ஆதரவளித்த வடக்குக் கட்சிகள் வேறு. பதினேழு ஆண்டுக்கால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி இந்தக் கூட்டலில்தான் முடிவுக்கு வந்தது.

அதே கணக்கின் மறுபக்கம் 1960இல் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50 இடங்களும் சுதந்திரக் கட்சி 46 இடங்களும் பெற, 15 இடங்களை வென்ற தமிழரசுக் கட்சியின் கையில் துலாக்கோல் இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனாநாயக்க தமிழரசுக் கட்சியின் கோரிக்கைகளுக்கு இணங்கவில்லை. அதனால் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் அக்கட்சி எதிர்த்து வாக்களித்தது, அரசு கவிழ்ந்தது. சுதந்திரக் கட்சி அப்போது தமிழரசுக் கட்சிக்கு நம்பிக்கை ஊட்டும் உறுதிமொழிகளை அளித்திருந்தது. ஆனால் ஜூலையில் நடந்த மறு தேர்தலில் சுதந்திரக் கட்சி தனியாகவே 75 இடங்களை வென்று, இடதுசாரிகளின் நட்பும் இருந்ததால் தமிழரசுக் கட்சியின் தயவின்றி ஆட்சியமைத்தது. உறுதிமொழிகள் மறக்கப்பட்டன. 1961இன் தொடக்கத்தில் தமிழரசுக் கட்சியினர் வடக்கு, கிழக்குக் கச்சேரிகளின் (மாவட்ட அரச நிர்வாக அலுவலகங்களின்) வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் தமிழரசுக் கட்சியின் பலம் குறையவில்லை. 15 இடங்கள் 16 ஆகக் கூடியிருந்தன. மாறியது மற்றவர்களின் எண்ணிக்கை.

கேள்வி: ஒப்பந்தங்கள் கிழித்தெறியப்படும் என்று தெரிந்தும் தமிழ்த் தலைவர்கள் மீண்டும் மீண்டும் ஒப்பந்தம் செய்தது ஏமாளித்தனம் அல்லவா?
(வாசகர், டொரொண்டோ)

அன்று அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் 1957 ஜூலை 26இல் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், பிராந்திய சபைகளுக்கு அதிகாரம் தருவதாகச் சொன்னது. அதற்கு எதிராக ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் தொடங்கினார். அது இம்புல்கொடவில் தடுத்து நிறுத்தப்பட்டாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் வந்து அமர்ந்தபோது பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார்.

1965இல் காட்சி தலைகீழானது. 66 இடங்களே பெற்ற டட்லி சேனாநாயக்கவுக்குத் தமிழரசுக் கட்சியின் 14 இடங்கள் தேவைப்பட்டன. மாவட்ட சபைகள் குறித்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. செனற் சபை உறுப்பினரான மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். இம்முறை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் சுதந்திரக் கட்சியினரும், அவர்களோடு சேர்ந்துகொண்ட இடதுசாரிகளும். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை 1956இல் எதிர்த்து வாக்களித்த அதே இடதுசாரிகள், 1966 ஜனவரி 8இல் அரச அலுவல்களில் தமிழைப் பயன்படுத்த வழிசெய்த தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் நின்றார்கள் என்பதை இன்று படிக்கும்போதும் வியப்பாகவே இருக்கிறது. மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். தமிழரசுக் கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கையெழுத்திட்டவரின் நேர்மையை விட முக்கியமான ஒன்று புலப்படும். சிறுபான்மைக் கட்சி ஆளும் கட்சியோடு பேரம் பேசலாம். எதிர்க்கட்சியோடு பேசுவதற்கு அதனிடம் எதுவும் இருப்பதில்லை. ஆளும் கட்சி கொடுக்க இசைந்ததையே எதிர்க்கட்சி அடுத்த தேர்தலுக்கான பிரசாரமாக மாற்றிக்கொள்ளும்போது, கொடுக்க இசைந்தவர் பின்வாங்குகிறார். ஒப்பந்தங்கள் முறிந்ததற்குத் தனிமனிதர்களின் துரோகம் மட்டுமே காரணம் என்ற வழக்கமான விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

கேள்வி: ஜனாதிபதித் தேர்தலில் 50 சதவீதத்துக்கு மேல் பெற வேண்டும் என்பதால் சிறுபான்மையினர் இல்லாமல் எவரும் வெல்ல முடியாது என்பார்கள். அது உண்மையா?
(வாசகி, வவுனியா)

2019 நவம்பர் வரை பலரும் அப்படித்தான் நம்பினார்கள், காரணத்தோடுதான். 2005இல் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வித்தியாசம் 180,786 வாக்குகள். அத்தேர்தலில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 சதவீதம் மட்டுமே. அங்கு வழக்கம்போல வாக்களிப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்று சொல்வதில் மிகை இல்லை. வாக்களிக்காமல் இருந்ததும் ஒரு தீர்ப்பாகிப் போன தேர்தல் அது. 2015இல் மைத்திரிபால சிறிசேன 449,072 வாக்குகளால் வென்றார். தமிழரசுக் கட்சியை முதன்மையாகக் கொண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் கட்சிகளும் அவரை ஆதரித்தன. வடக்கு, கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களைக் கழித்துவிட்டுக் கூட்டினால் முன்னிலையில் இருப்பவர் ராஜபக்ச.

2019இல் வடக்கும் கிழக்கும் சஜித் பிரேமதாசவுக்கு அதைவிடவும் பெருவாரியாக வாக்களித்தும் கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீதம் பெற்று வென்றார். சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்ல முடியும் என்று தமக்குத் தெரிந்திருந்ததாக, அநுராதபுரத்தில் பதவியேற்ற அன்றே அவர் வெளிப்படையாகச் சொன்னார். 2024இல் இன்னொரு புதுமை நடந்தது. எவரும் 50 சதவீதத்தை எட்டாததால் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்றிருந்த அநுர குமார திசாநாயக்க இறுதியில் 12 இலட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். விருப்பு வாக்குகளால் எதுவும் புரளவில்லை. அத்தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். தமிழரசுக் கட்சியோ சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு அறிவித்திருந்தது. பொது வேட்பாளருக்கு விழுந்த வாக்குகளைத் தமிழ் வாக்காளரின் மனநிலைக்குச் சான்றாகக் கொள்ளலாம். முடிவை மாற்றும் கருவியாக அவை இருக்கவில்லை, இருந்திருக்கவும் இயலாது.

கேள்வி: வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது மறைந்த தலைவர் அஷ்ரப்பின் சாதனை என்று எங்கள் பகுதியில் இன்றும் பேசப்படுகிறது. அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் உண்டா?
(வாசகர், அக்கரைப்பற்று)

உண்டு, இன்னும் கூடுதலாகவே பேசலாம் என்பது என் கருத்து. 1978 அரசியலமைப்பின்படி ஒரு தேர்தல் மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அங்கு ஆசனம் கிடையாது. கிழக்கிற்கு வெளியே சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும், சிறிய கட்சிகள் எல்லாவற்றுக்கும் அது மூடிய கதவு. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ரணசிங்க பிரேமதாசவிடம் அஷ்ரப் வைத்த கோரிக்கை அந்த வரம்பைக் குறைப்பது. அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் அதை இருபதில் ஒரு பங்காக்கியது. விகிதாசார முறையில் நடந்த முதல் பொதுத் தேர்தலே 1989 பெப்ரவரியில்தான் என்பதால், பழைய வெட்டுப்புள்ளி எந்தப் பொதுத் தேர்தலிலும் நடைமுறைக்கு வராமலேயே போயிற்று. அந்தத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது.

அமைச்சுப் பதவி ஆட்சியோடு போய்விடும். ஒப்பந்தம் எப்படிப் போனது என்பதை மேலே பார்த்தோம். தேர்தல் விதியில் பெற்ற மாற்றமோ அதைக் கேட்டவர் 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த பின்னும் நிலைத்திருக்கிறது. அதன் பயன் முஸ்லிம் காங்கிரசோடு நிற்கவும் இல்லை. 2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, 2020 பொதுத் தேர்தலில் கொழும்பிலும் கம்பஹாவிலும் தலா ஓர் ஆசனத்தை வென்றபோது, இரு மாவட்டங்களிலும் அதன் வாக்குகள் 5 சதவீதத்தைச் சற்றே கடந்திருந்தன. கொழும்பில் வென்றவர் அநுர குமார திசாநாயக்க. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் அவ்விரு ஆசனங்களும் அவர்களுக்கு இல்லை.

கேள்வி: 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி நான்கில் ஒரு பங்கு வாக்குகளை மட்டும் பெற்று ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்தது எப்படி? இதில் ஏதும் முறைகேடா?
(வாசகர், சாவகச்சேரி)

முறைகேடு எதுவும் இல்லை. காகிதமும் பேனாவும் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. 17,730. இந்த ஆறும்தான் 5 சதவீதத்தைத் தாண்டியவை. நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்ட மாவட்டத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் விழுந்த ஏறக்குறைய 85 ஆயிரம் வாக்குகள் ஆசனப் பங்கீட்டுக் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டன. முதலிடம் பெற்ற கட்சியின் வாக்குகளை விட அவை அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

இனி, அதிக வாக்குப் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. அது தேசிய மக்கள் சக்திக்குப் போயிற்று. மீதி ஐந்து ஆசனங்கள். ஆறு பட்டியல்களின் மொத்த வாக்குகளான 240,241ஐ ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கான அளவு 48,048. அதை எட்டியவை இரண்டு கட்சிகள். தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. எஞ்சிய மூன்று ஆசனங்களும் மிச்ச வாக்குகளின் வரிசைப்படி வழங்கப்பட வேண்டும். தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் 32,782. தமிழ்க் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் அவை பெற்ற வாக்குகள் முழுவதுமே மிச்சம். தமிழரசுக் கட்சியின் மிச்சமோ 15,279 மட்டும். எனவே முதல் மூன்றுக்கும் தலா ஒன்று. தேசிய மக்கள் சக்தி மூன்று, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று என்று முடிவு அமைந்தது. 22,513 வாக்குகள் பெற்ற சங்குக்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். சங்கு அணியிலிருந்த ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எப். ஆகியவை தமிழரசுக் கட்சியோடு கூட்டமைப்பாக நின்றவை. ஈ.பி.ஆர்.எல்.எப். முன்னரே விலகிவிட்டது, மற்ற இரண்டும் 2023இன் தொடக்கத்தில் பிரிந்தன. இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருந்திருந்தால் 85,840 வாக்குகள். போனஸ் ஆசனம் கைமாறியிருக்கும். மிச்ச வாக்குகளின் வரிசையும் மாறி, கூட்டமைப்புக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று என்று வந்திருக்கும். சேர்ந்து நின்றிருந்தால் அத்தனை வாக்குகளும் அப்படியே சேர்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். தலைவர்களின் சண்டையில் வெறுத்துப்போய் வேறு பக்கம் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கூட்டலும் காட்டாது. ஆயினும் 'யாழ்ப்பாணம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டது' என்று தேர்தலுக்கு மறுநாள் எழுதப்பட்ட தலையங்கங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆறு மாதங்களுக்குள், 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கு, கிழக்கில் மீண்டும் முன்னணிக்கு வந்தது.

கேள்வி: மலையகக் கட்சிகள் பெரும்பாலும் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையிலும் மற்றப் பெரிய கட்சிகளின் சின்னங்களிலும் போட்டியிடுவது ஏன்? சொந்தச் சின்னத்தில் நிற்கும் துணிவு இல்லையா?
(வாசகர், ஹட்டன்)

துணிவை விட அதிகமாக இதில் பேசுவது வரலாறு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தனித்து நின்று தோட்டப் பகுதிகளில் பல தொகுதிகளை வென்றது, சௌ. தொண்டமான் நுவரெலியாவின் உறுப்பினரானார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் குடியுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 முதல் 1977 வரை மலையகத் தமிழர் எவரும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் செல்லவில்லை. 1977இல் மூன்று உறுப்பினர் தொகுதியான நுவரெலியா – மஸ்கெலியாவில் தொண்டமான் மூன்றாமவராக வந்தார். வாக்காளர் தொகையே இல்லாமல் ஆக்கப்பட்ட ஒரு சமூகம், அமைச்சரவைக்குள் இருந்துகொண்டு குடியுரிமையை மீட்பதே உகந்த வழி என்று கண்டதில் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1980களில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டங்களுக்குப் பின்னால் அந்த அணுகுமுறை இருந்தது.

சின்னத்தைப் பொறுத்தவரை காரணம் எளிது. நுவரெலியாவைத் தவிர மற்ற மாவட்டங்களில் தனித்து நின்று 5 சதவீதத்தைத் தாண்டி ஆசனம் பெறுவது கடினம். பெரிய கட்சியின் பட்டியலில் இடம்பெற்றால், பட்டியலில் உள்ள தனி வேட்பாளர்களுக்கு இடப்படும் விருப்பு வாக்குகளை ஒரே வேட்பாளருக்குக் குவித்து அவரை மேலே கொண்டுவரலாம். 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி இப்படித்தான் 6 ஆசனங்களைப் பெற்றது. இழப்பும் உண்டு. வென்றவர் கட்சி தாவினால் அவரைக் கட்டுப்படுத்துவது பெரிய கட்சியே அன்றி அவருடைய சமூகத்தின் கட்சி அல்ல. மேலும் பெரிய கட்சிகள் மலையகத் தமிழரைத் தாமே நேரடியாக வேட்பாளராக்கத் தொடங்கினால் இடைநிற்கும் கட்சிக்கு வேலை குறைகிறது. 2024இல் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் மலையகத் தமிழ்ப் பெண்களும் வென்றது அதற்கு ஓர் அறிகுறி.

கேள்வி: இன, மத அடிப்படையிலான கட்சிகளைத் தடைசெய்தால் நாடு ஒன்றுபடும் அல்லவா?
(வாசகர், கொழும்பு)

தனிச் சிங்களச் சட்டத்தை 1956இல் நிறைவேற்றிய கட்சிகள் எதன் பெயரிலும் இனமோ மதமோ இருக்கவில்லை.

கேள்வி: தமிழ்க் கட்சித் தலைவர் ஒருவர் எதிர்க்கட்சித் தலைவராவது வெறும் அலங்காரப் பதவிதானா?
(வாசகி, சென்னை)

அ. அமிர்தலிங்கம் 1977இலும் இரா. சம்பந்தன் 2015இலும் அப்பதவிக்கு வந்த சூழ்நிலைகள் வேறு வேறு. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களை வாரிக்கொள்ள, சுதந்திரக் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியதால் 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி இரண்டாம் கட்சியானது. ஆறில் ஐந்து பங்கு பலம் கொண்ட அரசுக்கு எதிரே அந்த நாற்காலியின் பயன் சொற்பம். 1983 கலவரத்தின் பின் வந்த ஆறாவது திருத்தம் கேட்ட, பிரிவினையைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்துக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தபோது அதுவும் முடிந்தது.

சம்பந்தனின் காலத்தில் பதவியை விடப் பலித்தது எண்ணிக்கை. 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். டிசம்பர் 12இல் ரணில் மீது நம்பிக்கை தெரிவித்து வாக்களித்த 117 பேரில் 14 பேர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர். அவர்களைக் கழித்தால் 113 இல்லை. பாராளுமன்றக் கலைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களில் சம்பந்தனும் ஒருவர். நாட்டின் அரசியலமைப்பையே காப்பாற்ற உதவிய அந்த 14 வாக்குகளுக்கு ஈடாகக் கூட்டமைப்பு பெற்றது என்ன என்று அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் கேட்டார்கள். 2020இல் அதன் ஆசனங்கள் 16இலிருந்து 10ஆகக் குறைந்தன.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2010 செப்டம்பரில் ஜனாதிபதியின் இரு தவணை வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவளித்தது. 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரங்களை மீண்டும் கூட்டிய 20ஆவது திருத்தத்துக்கு, தலைவர் ரவூப் ஹக்கீமைத் தவிர்ந்த அக்கட்சி உறுப்பினர்கள் கைதூக்கினார்கள். அப்போது கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆணை 2021 பெப்ரவரியில்தான் நீங்கியது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் வேளையில் வாக்கைக் கொடுத்துவிட்டு, கேட்க வேண்டியதைப் பிறகு கேட்கலாம் என்று இருந்தது பெரும் பிழை.

கேள்வி: தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள் இருக்கும்போது சிறுபான்மைக் கட்சிகள் இனி எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், திருகோணமலை)

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உள்ள அரசிடம் ஆதரவை விற்க இயலாது. கவனிக்க வேண்டியது தேர்தல் முறை மாற்றங்களை. அவை பற்றிய பேச்சு எந்த அரசு வந்தாலும் ஓய்வதில்லை. தொகுதி முறைக்குத் திரும்பினால், செறிந்து வாழும் யாழ்ப்பாணத் தமிழருக்குப் பெரிய இழப்பு இராது. புத்தளம், குருநாகல், கண்டி, பதுளை போன்ற மாவட்டங்களில் சிதறி வாழும் முஸ்லிம்களும் மலையகத் தமிழருமே இழப்பார்கள். ஆகவே இந்த ஒரு விடயத்திலாவது வடக்கின் கட்சிகள் தங்கள் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது.

எச்சரிக்கையாகக் கொள்ள அண்மைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தலைக் கலப்பு முறைக்கு மாற்றும் சட்டம் வந்தபோது, தொகுதிக்கும் விகிதாசாரத்துக்கும் 60க்கு 40 என்றிருந்த பங்கை 50க்கு 50 ஆக்கும்படி முஸ்லிம், மலையகக் கட்சிகள் பேரம் பேசின, பேரத்தில் வென்றன, சட்டம் நிறைவேறியது. பின்னர் எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் நடைமுறைக்கு வராமல் தேர்தலே நின்றது. 2013இல் 38இல் 30 ஆசனங்களைக் கூட்டமைப்புக்குத் தந்த வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் அங்கே ஆளுநரின் நிர்வாகமே.